வன்னியில் தொங்குவது யார்

"இங்க வந்து ஒரு வருஷம் ஆகப் போகுது டீச்சரம்மா. இன்னும் எனக்கு நீங்க ஒண்ணுமே சொல்லித் தரல" என்றார் ஆவுடையப்பன்.

உலகம்மை அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்.

"மேல என்ன தொங்குது ஐயா?"

"காஞ்ச குச்சி."

"கிட்டப் போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க."

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. அறுபதைத் தாண்டியவர். அணை கட்டும் வேலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்பார், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அப்படித்தான் காலம் போயிருந்தது. உலகம்மைக்கோ நாற்பதுகூட ஆகியிருக்காது. ஆனால் குருவென்று காலில் விழுந்தாயிற்று. விழுந்த பிறகு வயதைக் கணக்குப் பார்ப்பது அழகில்லை.

எழுந்து போனார்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செம்மணல் மேடான தேரிக்காட்டின் ஓரத்தில் ஒரு வன்னிமரம். மரத்தடியில் ஒரு கிணறு. அக்கம்பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உப்பு. இது ஒன்றுதான் நல்ல தண்ணீர். தேடி வந்தவர்கள் தங்கச் சில ஓலைக் குடிசைகள். மண்டபம், உண்டியல், பலகை எதுவும் கிடையாது. மரத்து நிழல்தான் பள்ளிக்கூடம்.

உலகம்மை முன்பு ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்தினார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார். காவி கட்டவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. ஊருக்கு அவர் டீச்சர். தேடி வருகிறவர்களுக்கு டீச்சரம்மா.

அங்கே ஒரே ஒரு வழக்கம். எதையும் கொல்லக் கூடாது. பாய்க்கடியில் தேள் வந்தால் மண்பானைக்குள் தள்ளி, வாயை மூடி, எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட வேண்டும். அந்தப் பானையைச் சுமந்து ஆவுடையப்பன் நடந்த நடை கொஞ்சமில்லை. மோட்சத்துக்கு இவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று அவருக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை.

வீட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு வேட்டியோடு வந்தவர். இந்த நிழலைத் தவிர அவருக்கு வேறு இடமில்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

*

வன்னி முள்ளையும் சிறு குச்சியையும் ஒரே அளவில் நறுக்கி, நெடுக்குவாட்டில் அடுக்கிக் கட்டியதுபோல இருந்தது ஒவ்வொன்றும். விரல் நீளத்தில் ஒரு விறகுக் கட்டு. மரம் முழுக்கத் தொங்கியது.

காற்று இல்லை. ஆனால் ஒரு கட்டு அசைந்தது.

அதன் மேல்நுனியிலிருந்து பழுப்பாக ஒரு தலை வெளியே வந்தது. முன்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு இலையைத் தின்றது. பிறகு தன் விறகுக் கட்டையும் இழுத்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. ஆவுடையப்பன் விரலை நீட்டினார். தலை உள்ளே போய்விட்டது. கட்டின் வாயும் சுருங்கி மூடிக்கொண்டது.

திரும்பி வந்தார்.

"குச்சி இல்ல, வீடு. உள்ள ஒரு புழு இருக்கு."

"யாரு அது?"

"புழுதான்."

"புழுங்கிறது ஒரு ஊர் மாதிரி ஐயா. ஊர்ப்பேரச் சொல்லிட்டு ஆளக் கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்லக் கூடாது."

கைப்பேசியில் படம் எடுத்துத் தேடிப் பார்த்தார். முதல் படத்துக்கு ஒரு பெயர் வந்தது. அதே கூட்டை வேறு பக்கமிருந்து எடுத்தார். வேறு பெயர் வந்தது. மூன்றாவது முறை அது ஒரு குருவிக் கூடு என்று சொன்னது. கைப்பேசியை மடியில் சொருகிக்கொண்டார்.

அடுத்த நாள் பொறுமை போய்விட்டது. ஒரு கூட்டைப் பறித்துப் பிளேடால் கிழித்தார். உள்ளே பட்டு மெத்தை. கிழிக்கவே சிரமமாக இருந்தது. புழு வெறும் உடம்போடு அவர் உள்ளங்கையில் விழுந்து, எதையோ பற்றிக்கொள்ளத் துழாவியது. கூச்சமாக இருந்ததால் தரையில் விட்டார். எறும்புகள் வந்தன.

அவர் தடுக்கப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உலகம்மை திட்டவில்லை. வீட்டை இடித்துவிட்டு உள்ளே இருந்தவரிடம் நீ யார் என்று கேட்டால் அவர் எப்படிச் சொல்வார் என்று மட்டும் கேட்டார்.

*

அந்த வாரமே தளவாய் வந்தார். ஊர்த் தலைவர். முப்பது வயதுக்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர்.

கிணற்றுத் தண்ணீரில் நாற்றம் அடிக்கிறது என்றார். மரத்திலிருந்து புழுக்கழிவு கடுகு கடுகாக உள்ளே கொட்டுகிறது, பெண்கள் குடத்தைக் கவிழ்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மருந்தடிக்கலாம் என்றால் மருந்தும் அதே கிணற்றில்தான் விழும்.

"அதனால மரத்த வெட்டிருவோம்னு ஊர்ல பேசியிருக்கோம் டீச்சர்" என்றார்.

உலகம்மை ஆவுடையப்பனைப் பார்த்தார். தளவாயும் பார்த்தார். கிணற்றுக்கு வந்திருந்த பெண்களும் பார்த்தார்கள்.

ஆவுடையப்பன் வாயிலிருந்து அவரை அறியாமல் வார்த்தை வந்துவிட்டது.

"ஐப்பசி மழை வரைக்கும் பொறுங்க தம்பி. மரத்த நான் சுத்தம் பண்ணித் தாரேன்."

சொன்ன பிறகுதான் அண்ணாந்து பார்த்தார். முள்மரம். கூடுகள் எண்ணி முடியாது. இருந்தாலும் சொன்னது சொன்னதுதான். நிழல் போனால் அவரும் போக வேண்டியதுதான்.

எப்படிச் செய்வது என்று உலகம்மையிடம் கேட்டார்.

"யாருன்னு தெரிஞ்சா எப்படின்னு தெரியும். நாலு கூட்டக் கொசுவலைக்குள்ள போட்டு, தழை வச்சுப் பாருங்க."

*

கொசுவலையில் ஒரு கூண்டு தைத்துக் கொஞ்சம் கூடுகளை அதில் போட்டார். ஆனால் பார்த்துக்கொண்டு உட்கார அவருக்கு நேரம் எங்கே இருக்கிறது. ஏணியைச் சாத்தினார்.

மரத்தில் இருந்த கூடுகள் இரண்டு விதம். சில அசைந்தன, தின்றன, நகர்ந்தன. சில கிளையோடு பட்டு நூலால் இறுகக் கட்டப்பட்டு, தட்டினாலும் அசையாமல் கிடந்தன. ஆவுடையப்பன் ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டினார். தலையை உள்ளே இழுத்தால் உயிர் இருக்கிறது: பறித்துப் பானையில் போட்டார். ஒன்றும் நடக்காவிட்டால் செத்த கூடு: விட்டுவிட்டார். செத்ததைப் பறிக்க எதற்கு முள்ளில் கையைக் கிழித்துக்கொள்ள வேண்டும்?

பானை நிறைந்ததும் தேளைக் கொண்டுபோவது போலவே எல்லைக்கு அப்பால் கொண்டுபோய், உடைமரம் என்ற முள்மரங்கள் நின்ற காட்டில் ஒவ்வொன்றாகக் கிளையில் தொற்ற விட்டார். ஒன்றைக்கூடக் கொல்லவில்லை. கைகால் எல்லாம் கீறல். மனசு மட்டும் நிறைந்திருந்தது. இந்த ஒரு வருடத்தில் தான் ஏதோ உருப்படியாகச் செய்வது இதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

கூண்டில் வைத்த கூடுகள் அதற்குள் ஒவ்வொன்றாகத் தின்பதை நிறுத்தி, வலையோடு தங்களைக் கட்டிக்கொண்டுவிட்டன. சில நாள் கழித்து ஒரு கூட்டின் அடிவாயில் பழுப்புத் தோல் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலையில் ஓர் அந்துப்பூச்சி. செதில் உதிர்ந்த, கண்ணாடி போன்ற பழுப்புச் சிறகு. இறகு போல இரண்டு உணர்கொம்பு. வாய் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. தின்னாமல் குடிக்காமல் வலையில் மோதிக்கொண்டே இருந்தது.

டீச்சரிடம் ஓடினார்.

"யாருன்னு தெரிஞ்சுபோச்சு டீச்சரம்மா. அந்துப்பூச்சி."

உலகம்மை லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆம்பள. உணர்கொம்பு இறகு மாதிரி இருக்கு பாருங்க. பொம்பள எங்க?"

"வேற எங்கயாவது பறந்து போயிருக்கும்."

"கூண்டுக்குள்ள இருந்தா?"

ஆவுடையப்பன் கிளம்பினார். ஏணி காத்துக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

முடித்தார்.

மழை வந்தது. வன்னி துளிர்த்தது. கிணறு தெளிந்தது. தளவாய் ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்து வைத்து, அண்ணாச்சி சொன்னதைச் செய்துவிட்டார் என்று ஊர் முழுக்கச் சொன்னார். ஆவுடையப்பன் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். இப்போதாவது உபதேசம் உண்டா என்று ஒருநாள் ஜாடையாகக் கேட்டும் பார்த்தார்.

"பொம்பள எங்கன்னு இன்னும் நீங்க சொல்லலியே" என்றார் உலகம்மை.

ஆவுடையப்பனுக்கு அது பிடிக்கவில்லை. பூச்சியும் போயிற்று, புழுவும் போயிற்று, இன்னும் என்ன பொம்பளை என்று நினைத்துக்கொண்டார்.

*

மார்கழியில் ஒரு காலை அவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது முகத்தில் நூலாம்படை மாதிரி ஏதோ ஒட்டியது. துடைத்தார். மறுபடி ஒட்டியது. வெயிலுக்கு எதிரே பார்த்தார்.

மரத்திலிருந்து நூல்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஊசிமுனை அளவில் ஒரு கறுப்புப் புழு. காற்று வந்தால் நூலோடு பறந்து அடுத்த கிளையில் ஒட்டின. ஒட்டியதும் பட்டையைச் சுரண்டி, கூம்புத் தொப்பி மாதிரி ஒரு கூடு செய்து, பின்பக்கத்தில் மாட்டிக்கொண்டு, வாலைத் தூக்கியபடி நடந்தன.

எங்கேயிருந்து வருகின்றன என்று நூலைப் பிடித்துக்கொண்டே மேலே பார்த்தார்.

செத்தது என்று விட்டுவைத்த கூட்டின் அடிவாயிலிருந்து.

பக்கத்துக் கூட்டிலிருந்தும். அதற்குப் பக்கத்துக் கூட்டிலிருந்தும். அவர் நகத்தால் சுண்டிச் சுண்டி ஒதுக்கிய அத்தனையிலிருந்தும்.

அன்று மாலையே இசக்கி வந்தாள். உடைமரக் காட்டில் ஆடு மேய்க்கிறவள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் ஆவுடையப்பனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உங்க மரத்துப் புழுவ எங்க மரத்துல கொண்டாந்து விட்டது நீங்கதானா ஐயா? காய் இல்ல, தழை இல்ல, எல்லாம் மொட்டையா நிக்கி. ஆட்ட நான் எங்க கொண்டு போக?"

ஆவுடையப்பன் தலை குனிந்தார். எதையும் கொல்லவில்லை என்று அவர் பெருமைப்பட்டதெல்லாம் இசக்கியின் ஆட்டு வயிற்றில்தான் விழுந்திருக்கிறது.

அவள் போன பிறகு அவருக்குக் கோபம் வந்தது. உலகம்மையிடம் போனார்.

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்திட்டீங்க."

"கேட்டேன் ஐயா, ரெண்டு தடவை."

உண்மைதான். ஆவுடையப்பன் திரும்பி வந்து இருளும் வரை கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து போய்விடலாம் என்று நினைத்தார். எங்கே என்று யோசித்தபோது ஓர் ஊரும் நினைவுக்கு வரவில்லை. மூத்தவன் வீட்டில் மாடியறை இருக்கிறது. போனால் வா என்று சொல்வான். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவும் மாட்டான். அதுதான் அவரைத் தடுத்தது.

எழுந்தபோது முடிவு செய்துவிட்டார். இந்த முறை கேள்விக்குப் பதில் தெரியாமல் ஏணியைத் தொடுவதில்லை.

*

தளவாய் இந்த முறை ரம்பத்தோடு ஆள் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆவுடையப்பன் மரத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றார். தப்பு தன்னுடையது என்றார். இப்போது பறிக்க முடியாது, புழு ஊசிமுனை அளவு இருக்கிறது, வளர்ந்து கூட்டைக் கட்டிக்கொள்ளும்வரை விட வேண்டும் என்றார். சித்திரையில் வரும் கோயில் கொடை வரை தவணை கேட்டார்.

"அதுவரைக்கும் நாங்க புழுப்பீயத் தின்னவா அண்ணாச்சி?"

"உங்க தண்ணியில ஒரு பொட்டு விழாது. அதுக்கு நான் பொறுப்பு."

தளவாய் யோசித்தார். கொடைக்குள் மரம் சுத்தமாகவில்லை என்றால் தானே வந்து வெட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆவுடையப்பன் குடிசை குடிசையாகப் போய்ப் பழைய சேலைகளை வாங்கினார். சேர்த்துத் தைத்தார். மூங்கில் வளைத்து, கிணற்றுக்கு மேல் கூரை போலப் பரப்பி, கயிற்றை இழுத்தால் ஒரு பக்கம் திறக்கும்படி செய்தார். அணை கட்டியவருக்கு அது பெரிய வேலையில்லை. பெரிய வேலை அதற்குப் பிறகுதான். தினம் விடியும் முன்னே எழுந்து, சேலையில் விழுந்த கழிவைக் கூட்டி அள்ளி, சேலையை அலசி, பெண்கள் குடத்தோடு வரும்முன் திரும்பக் கட்ட வேண்டும். உங்கள் வீட்டில் ஒருநாளாவது சேலை துவைத்துக் கொடுத்ததுண்டா ஐயா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இடையிடையே இசக்கியின் காட்டுக்குப் போனார். எட்டிய கிளைகளில் தான் விட்ட கூடுகளை அவளோடு சேர்ந்து தேடினார். ஆட்டுக்குத் தூரத்திலிருந்து தழை வெட்டிச் சுமந்தார். அவள் அவரோடு பேச ஆரம்பிக்க மாசி ஆயிற்று.

மீதி நேரமெல்லாம் பார்த்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை, பார்த்தார்.

புழு வளர வளரக் கூட்டின் மேல்வாயில் புதிதாகக் குச்சி சேர்ப்பதைப் பார்த்தார். ஒரு குச்சியை நறுக்கும்முன் அது உடம்பை நீட்டி அளந்து பார்ப்பது போலிருந்தது. மேல்வாய் தின்ன, அடிவாய் கழிக்க. வாழ்நாளில் அது கூட்டைவிட்டு ஒருபோதும் முழுதாக வெளியே வருவதில்லை. பங்குனியில் தின்பதை நிறுத்திவிட்டு, கிளையோடு கூட்டைக் கெட்டியாகக் கட்டி, மேல்வாயைத் தைத்துவிட்டு, உள்ளேயே தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. இனி தலை அடிவாய்ப் பக்கம்.

செத்த கூடு என்று ஒன்று மரத்தில் இல்லவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாமே உள்ளே ஏதோ ஒரு வேலையில் இருந்தன.

*

சித்திரை பிறந்தது. ஆண் பூச்சிகள் அடிவாயில் தோலை விட்டுவிட்டுப் பறந்தன. பாதிக் கூடுகளிலிருந்து எதுவும் வரவில்லை.

மாசியில் கொஞ்சம் கூடுகளை மறுபடி கூண்டில் போட்டு வைத்திருந்தார். ஒரு சாயங்காலம் ஓர் ஆண் பூச்சி கூண்டின் வெளிப்புறத்தில் வந்து ஒட்டியது. உள்ளே, வலையோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்த ஓர் அசையாத கூட்டுக்கு நேர் எதிரே. வலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. சிறகு கிழிந்தும் போகவில்லை.

ஆவுடையப்பன் கூண்டின் வாயைத் திறந்துவிட்டார்.

பூச்சி உள்ளே போய், அந்தக் கூட்டின் அடியைப் பற்றிக்கொண்டது. தன் வயிற்றை நீளமாக நீட்டி, அடிவாய்க்குள் விட்டது. கூடு லேசாக, மிக லேசாக அசைந்தது.

ஆவுடையப்பன் அந்தக் கூட்டில் நூல் கட்டி அடையாளம் வைத்தார்.

சில நாள் பொறுத்து அந்தக் கூட்டை நெடுக்காக, முன்பு கிழித்தது போல இல்லாமல், மெதுவாகப் பிரித்தார். உள்ளே கூட்டுப்புழுவின் ஓடு. ஓட்டுக்குள் அவள் இருந்தாள்.

சிறகில்லை. காலில்லை. உணர்கொம்பும் வாயும் இல்லை. கண் என்று இரண்டு புள்ளி, அதுவும் இருக்கிறதோ இல்லையோ. வெளுத்த மஞ்சளில் ஒரு மெல்லிய பை. பாதி வற்றியிருந்தாள். அவளைச் சுற்றி, அவள் உடம்பிலிருந்து உதிர்ந்த மெத்தென்ற ரோமத்தில், முட்டை. நூறு நூறாக முட்டை.

இவள் பறந்து வந்து யாரையும் தேடவில்லை. வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தான் கட்டிய குச்சி வீட்டுக்குள்ளேயே பூச்சியாகி, அங்கேயே தாயாகி, அங்கேயே வற்றிப்போகிறாள். பிள்ளைகள்தான் வெளியே வருகிறார்கள்.

ஆவுடையப்பனுக்கு அழுகை வந்தது. ஒரு பூச்சிக்காக அழுகிறோமே என்று வெட்கமும் வந்தது. அழுதுவிட்டே எழுந்தார்.

உலகம்மை முன்னால் போய் உள்ளங்கையை விரித்தார்.

"பொம்பள இங்க இருக்கா டீச்சரம்மா. எங்கயும் போகல."

உலகம்மை லென்ஸை எடுக்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தார்.

"இப்ப எப்படின்னு தெரியுதா?"

"தெரியுது. பொரிக்கறதுக்குள்ள, அசையாத கூடு எல்லாத்தையும் எடுக்கணும். ஒண்ணு விட்டாலும் போச்சு."

"ஏறுங்க" என்றார்.

*

ஏறினார். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை. இந்த முறை எதையும் சுண்டிப் பார்க்கவில்லை. கிளை கிளையாக, நுனி நுனியாகத் தடவி, பட்டுக் கட்டைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். ஏணி எட்டாத உச்சிக் கிளைகளுக்கு இசக்கி தொரட்டியோடு வந்தாள், கூடவே தன் காட்டுக் கூடுகளையும் ஒரு மூட்டை கட்டிக் கொண்டுவந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

கொடைக்கு முதல் நாள் மரத்தில் ஒரு கூடு இல்லை. ஆவுடையப்பன் கிழக்கே நின்று பார்த்தார், மேற்கே நின்று பார்த்தார். இசக்கியைப் பார்க்கச் சொன்னார். இல்லை.

கிணற்றடியில் இரண்டு பெரிய கூடைகள் நிறைந்திருந்தன.

அவர் கூடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இவ்வளவு நாளும் வேலை கண்ணை மறைத்திருந்தது. இப்போது வேலை முடிந்துவிட்டது.

"டீச்சரம்மா, இத எங்க கொண்டு விட?"

"எங்க விடலாம் ஐயா?"

யோசித்தார். உடைமரத்தில் விட முடியாது. இசக்கி எதிரே நிற்கிறாள். வேறு எங்கே கொண்டுபோனாலும் அங்கே ஒரு மரம் இருக்கும். மரத்தடியில் யாராவது ஒருவர் இருப்பார்.

"வலைக்குள்ள போட்டு மூடி வச்சிட்டா? பொரிச்சாலும் வெளிய வராது. நாம கொன்னதா ஆகாது."

"பட்டினி போட்டா, யாரு கொன்னதா ஆகும்?"

இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இங்க உள்ள வழக்கம்?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

முதல் தடவையாக உலகம்மை தடுமாறுவதை ஆவுடையப்பன் பார்த்தார்.

"அத வச்சது நான்தான். தேள நெனச்சு வச்சேன். இதுக்கு என்ன வைக்கணும்னு எனக்கும் தெரியல ஐயா."

அப்போது தளவாய் வந்தார். ரம்பக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள். மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு கிளையை இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. ரம்பக்காரர்களைத் திரும்பிப் போகச் சொன்னார். மரம் இனி நிற்கும், ஊருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், கொடைக்கு அண்ணாச்சிக்குத்தான் முதல் மரியாதை என்றார்.

பிறகுதான் கூடைகளைக் கவனித்தார்.

"இத ஏன் வச்சுக்கிட்டு இருக்கிய? கொளுத்த வேண்டியதுதானே. குடுங்க, நான் கொளுத்துதேன்."

சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டே குனிந்தார். அவருக்குத் தயக்கம் எதுவும் இல்லை. ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளுக்குள் அவருக்கு அப்பாடா என்றிருந்தது. அதை அவர் முகமே காட்டிக்கொடுத்தது.

உலகம்மை கூடையின் மேல் கையை வைத்தார்.

"நீங்க வேண்டாம் தம்பி. உங்களுக்கு இது குப்பை."

தளவாயின் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கி ஆவுடையப்பனிடம் நீட்டினார்.

"உள்ள இருக்கிறது யாருன்னு தெரிஞ்சவர் கொளுத்தட்டும்."

ஆவுடையப்பன் வெகுநேரம் அதை வாங்கவில்லை. உலகம்மையும் நீட்டிய கையை எடுக்கவில்லை.

பிறகு வாங்கினார். கூடைகளை மரத்துக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில், வெறும் மணலுக்குத் தானே சுமந்துகொண்டு போனார். கீழே வைத்தார். மண்டியிட்டார். கூடைகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

தீக்குச்சியை உரசினார்.